ஆன்லைனில் வாங்கும் பிராண்டட் பேனா அசலா, போலியா? நீங்களே கண்டுபிடிக்கலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள், ஒரு மாதத்திற்குள் ஆன்லைனில் ஏதாவது ஒரு பொருளை ஆர்டர் செய்து பார்க்க ஆசைப்படுவார்கள். முதல் முறை என்பதால் பெரிய தொகை போட யோசிப்பார்கள். சின்னப் பொருளாக, யாருக்காவது பரிசாகக் கொடுக்கும்படியாக இருந்தால் நல்லது என்று தேடுவார்கள். அப்போது கண்ணில் படுவது பேனா. பிராண்டட் பேனா, அழகான பெட்டி, கடை விலையில் கால் பங்கு! உடனே "பை நவ்" பட்டனைக் கிளிக் செய்துவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். கிளிக் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உள்ளன. பார்சல் வந்த பிறகு பார்க்க வேண்டியவையும் உள்ளன. இந்தப் பாடத்தில் இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம். இதற்குத் தனி சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பிரவுசரும், அரை மணி நேரப் பொறுமையும் போதும்.

நான் ஏமாந்த கதை

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியரிங் படித்த சாஃப்ட்வேர் இன்ஜினியர். நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்தான் இருக்கிறேன். இருந்தும் ஏமாந்தேன்.

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். அப்பா ஒரு சேகோ ஃபேக்டரியில் கணக்கு எழுதியவர். பால்பாயின்ட் பேனாவை அவர் கையில் பார்த்ததே இல்லை. எப்போதும் இங்க் பேனாதான். 2019ல் எனக்கு முதல் சம்பளம் வந்த அதே மாதம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்கு நல்ல பேனா ஒன்று வாங்கிக் கொடுக்க நினைத்தேன். பார்க்கர் சோனட், 18 காரட் தங்க நிப், விலை 1,899 ரூபாய் என்று ஆன்லைனில் பார்த்தேன். கடையில் பல ஆயிரம் ரூபாய் சொன்ன பேனா. "ஆஃபர் இன்னும் 2 மணி நேரம் மட்டும்" என்று சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவசரமாக ஆர்டர் செய்தேன்.

அப்பா பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்குது கண்ணு" என்று சொல்லிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது அப்பா தன் பழைய பேனாவில் எழுதிக்கொண்டிருந்தார். புதுப் பேனா பெட்டிக்குள் கிடந்தது. திறந்து பார்த்தால் நிப்பின் மஞ்சள் பூச்சு உரிந்து உள்ளே வெள்ளை இரும்பு தெரிந்தது. மூடி இறுக்கமாக மூடவில்லை. அம்மாதான் விஷயத்தைச் சொன்னார்: "மூணு மாசத்துலயே பல்லை இளிச்சிருச்சு. ரெண்டு வெள்ளைச் சட்டை இங்க் ஒழுகிப் பாழாப் போச்சு. பையன் மொத சம்பளத்துல வாங்குனது, சொன்னா வருத்தப்படுவான்னு உங்கப்பா வாயே தொறக்கல."

திருப்பி அனுப்பும் காலம் அதற்குள் எப்போதோ முடிந்துவிட்டது. விற்ற கடையின் பெயரும் அந்த வெப்சைட்டில் இல்லை. 1,899 ரூபாயைவிட, அப்பா அத்தனை மாதம் மறைத்து வைத்ததுதான் எனக்கு உறுத்தியது.

இந்த ஆண்டு அப்பாவும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். ப்ளஸ் டூ முடித்த என் அக்கா மகளுக்கு ஒரு பேனா பரிசளிக்க வேண்டும் என்றார். "இந்தத் தடவ நான் பக்கத்துல ஒக்காந்து பாக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்தப் பாடத்தின் முதல் மாணவர் அவர்தான். அவரோடு நான் செய்து பார்த்ததையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விதி

பேனா அசலா என்று பார்க்கப் பலரும் பல வழிகளைச் சொல்வார்கள். அம்பு வடிவக் கிளிப்பைப் பார், நிப்பில் உள்ள எழுத்தைப் பார், பெட்டியைப் பார் என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சோதனைகளில் ஒன்றில் பேனா தோற்றாலும் அதைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஒன்றில் வென்றுவிட்டால் அது அசல் என்று முடிவு கட்டக் கூடாது. நல்ல அடையாளங்களைத்தானே போலி செய்பவனும் முதலில் காப்பி அடிப்பான்?

நான் இதை விளக்கியதும் அப்பா தன் தொழிலை வைத்தே பதில் சொன்னார். "ஜவ்வரிசி வெள்ளையா இருந்தா நல்ல சரக்குன்னு அர்த்தமா? கெமிக்கல் போட்டு வெளுத்ததும் வெள்ளையாத்தான் இருக்கும். மூட்டை எந்த ஃபேக்டரிதுன்னு மொதல்ல கேக்கோணும். அப்பறந்தான் கைல அள்ளிப் பாக்கோணும்."

சேலத்தில் 1981ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சரக்கு அனுப்பிப் பழகியவர் அவர். பேனாவுக்கும் அதே வரிசைதான். முதலில் விற்பவரைச் சோதியுங்கள். பிறகு பேனாவைச் சோதியுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. தங்க நகை வாங்கினால் அதில் ஹால்மார்க்குடன் ஆறு இலக்க ஹெச்யுஐடி குறியீடு இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தக் குறியீடு இல்லாத தங்க நகைகளை ஹால்மார்க் நகை என்று விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் என்ற ஆப்பில் அந்தக் குறியீட்டை டைப் செய்தால் நகையின் விவரம் வந்துவிடும். ஆனால் 2021ல் ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டபோதே கைக்கடிகாரத்துக்கும் இங்க் பேனாவுக்கும் விலக்கு அளித்துவிட்டார்கள். எனவே தங்க நிப் என்று சொல்லி விற்கும் பேனாவை அந்த ஆப்பில் சோதிக்க முடியாது. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 1: முகவரியைப் படியுங்கள்

பிரவுசரின் மேல் பகுதியில் வெப்சைட் முகவரி தெரியும் நீளமான கட்டத்திற்கு அட்ரஸ் பார் என்று பெயர். அதில் மவுஸால் கிளிக் செய்தால் முழு முகவரியும் தெரியும். இதைப் படிக்க ஓர் எளிய வழி உண்டு. முகவரியில் வரும் முதல் ஒற்றைச் சாய்வுக் கோடு வரை பாருங்கள். அங்கிருந்து இடது பக்கமாக, அதாவது பின்னாலிருந்து முன்னால் படியுங்கள். கடைசியில் "டாட் காம்" அல்லது "டாட் இன்" என்று இருக்கும். அதற்குச் சற்று முன்னால் உள்ள சொல்தான் வெப்சைட்டின் உண்மையான பெயர்.

உதாரணமாக, முகவரியின் தொடக்கத்தில் "பார்க்கர்" என்ற சொல் இருக்கும். ஆனால் "டாட் காம்" என்பதற்கு முன்னால் "மெகாசேல்ஆஃபர்" என்பது போல வேறு ஏதோ இருக்கும். அப்படியானால் அது பார்க்கரின் வெப்சைட் அல்ல. முன்னால் உள்ள சொல்லை வெப்சைட் வைத்திருப்பவர் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

"பூட்டுப் படம் இருக்கிறதே, பாதுகாப்பானதுதானே?" என்று பலர் கேட்பார்கள். உங்கள் கம்ப்யூட்டருக்கும் அந்த வெப்சைட்டுக்கும் இடையே செல்லும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான் பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. போலி வெப்சைட்டுகளும் பூட்டு வைத்திருக்கும். இந்தத் தவறான எண்ணத்தைப் போக்கவே கூகுள் குரோம் பிரவுசரில் 2023ல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு படம் வைத்தார்கள்.

அடுத்து, அந்த வெப்சைட் எப்போது பதிவானது என்று பாருங்கள். ஐகேன் என்ற சர்வதேச அமைப்பின் "லுக்கப்" பக்கத்தைத் திறந்து, "டாட் காம்" வகை வெப்சைட்டின் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் விவரங்களில் "கிரியேட்டட்" என்ற வரியில் தேதி இருக்கும். "முப்பது வருட நம்பிக்கை" என்று போட்டுக்கொள்ளும் கடையின் வெப்சைட் மூன்று வாரம் முன்புதான் பதிவானது என்றால் உங்களுக்கே புரிந்துவிடும்.

படி 2: யார் விற்கிறார்கள்?

பெரிய ஷாப்பிங் வெப்சைட்டுகளில் புதியவர்கள் செய்யும் தவறு இதுதான். வெப்சைட்டே பொருளை விற்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ராசிபுரம் சந்தையில் இடம் ஒன்று, கடைகள் பல இருப்பது போலத்தான். சந்தை பெரியது என்பதால் ஒவ்வொரு கடையும் நல்ல கடை ஆகிவிடாது.

பேனாவின் பக்கத்தில் விலைக்கு அருகில் அல்லது கீழே "சோல்டு பை" அல்லது "செல்லர்" என்று ஒரு வரி இருக்கும். அதில் உள்ள பெயர்தான் உங்களுக்கு விற்பவர். அதன் மீது கிளிக் செய்தால் அவருடைய முகவரி, தொடர்பு விவரம், வாடிக்கையாளர் கொடுத்த மதிப்பெண் ஆகியவை வரும். 2020ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் பெயரையும் முகவரியையும் ஷாப்பிங் வெப்சைட் காட்டத்தான் வேண்டும். விவரமே இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அடுத்து, புதிய டேப் ஒன்றில் பேனா கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்து, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்கள் பட்டியல் இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் செல்லர் பெயர் அதில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பட்டியல் கிடைக்காவிட்டால் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் அனுப்பிக் கேளுங்கள்.

படி 3: ஜிஎஸ்டி எண்ணைச் சோதியுங்கள்

பலருக்கும் தெரியாத, ஆனால் மிகவும் பயனுள்ள சோதனை இது. வேறு மாநிலத்திலிருந்து நமக்குப் பொருளை விற்று அனுப்புபவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த எண் செல்லரின் பக்கத்தில் இருக்கும். அல்லது வெப்சைட்டின் அடியில் இருக்கும். கிடைக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அது எழுத்தும் எண்ணும் கலந்த 15 இடங்கள் கொண்டது. முதல் இரண்டு இடங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்து இடங்கள் அந்த நிறுவனத்தின் பான் எண். முகவரி சேலம் என்று போட்டிருக்கிறது, எண் மட்டும் 33 என்று தொடங்கவில்லை என்றால் காரணம் கேளுங்கள்.

சோதிப்பது எப்படி?

1. அரசின் ஜிஎஸ்டி வெப்சைட்டைத் திறவுங்கள். முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடிய வேண்டும். அரசு வெப்சைட் என்பதற்கு அதுதான் அடையாளம்.

2. மேலே "சர்ச் டாக்ஸ்பேயர்" என்ற மெனுவில் கிளிக் செய்து, எண்ணைக் கொண்டு தேடும் முதல் வரியைத் தேர்ந்தெடுங்கள். லாக்இன் செய்ய வேண்டியதில்லை. கட்டணமும் இல்லை.

3. 15 இடங்களையும் டைப் செய்து, படத்தில் தெரியும் எழுத்துகளையும் டைப் செய்து தேடுங்கள்.

4. வரும் பக்கத்தில் மூன்றைப் பாருங்கள்: நிறுவனத்தின் பெயர், பதிவான தேதி, தற்போதைய நிலை. நிலை "ஆக்டிவ்" என்று இருக்க வேண்டும். பெயர் செல்லர் பெயரோடு பொருந்த வேண்டும்.

அப்பாவும் நானும் முதலில் தேர்ந்தெடுத்த செல்லரை இப்படித் தேடினோம். "கேன்சல்டு" என்று வந்தது. அப்பா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு இரண்டு முறை படித்தார். "பதிவே ரத்தாயிருச்சு, பேனா மட்டும் எப்புட்றா விக்கறான்?" என்று கேட்டார். அந்த டேபை அவரே மூடினார். 2019ல் இந்த ஒரு நிமிட வேலையை நான் செய்திருந்தால் இரண்டு வெள்ளைச் சட்டை தப்பித்திருக்கும்.

ஆக்டிவ் என்று வந்தால் மட்டும் பேனா அசல் என்று அர்த்தமா? இல்லை. விற்பவர் ஓர் உண்மையான நபர், நாளை பிரச்னை வந்தால் தேடிப் பிடிக்க முடியும் என்று மட்டும் அர்த்தம். நமக்கு அது பெரிய லாபம்.

படி 4: படமும் விமர்சனமும்

பேனாவின் படத்தைச் சோதிக்க கூகுள் இமேஜஸ் பக்கத்தைத் திறந்து, தேடல் கட்டத்தில் உள்ள கேமரா படத்தில் கிளிக் செய்யுங்கள். பேனாவின் படத்தை மவுஸால் இழுத்து அங்கே போடுங்கள். அதே படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று வரும். கம்பெனியின் விளம்பரப் படம் பல கடைகளில் இருப்பது சகஜம். ஆனால் யாரோ ஒருவர் தன் பழைய பேனாவை மேஜையில் வைத்து எடுத்த படம் இங்கே "புத்தம் புதியது" என்று வந்திருந்தால், செல்லர் கையில் அந்தப் பேனா இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு, முதலில் இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள். வாங்கியவர்களே எடுத்துப் போட்ட படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். விமர்சனம் இந்தப் பேனாவைப் பற்றித்தானா என்பதும் முக்கியம். செல்போன் கவரைப் புகழ்ந்த விமர்சனம் பேனாவின் கீழ் இருந்தால், பழைய பக்கத்தில் பொருளை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

படி 5: விலையும் விவரமும்

கம்பெனி வெப்சைட்டில் அதே மாடலின் விலையைப் பாருங்கள். பத்து, இருபது சதவீதத் தள்ளுபடி நடைமுறையில் உண்டு. நூற்றுக்கு எண்பது தள்ளுபடி என்றால், யார் கைக்காசு போட்டு விற்பார்கள் என்று யோசியுங்கள்.

பேக்கிங் செய்து விற்கும் பொருளுக்கு, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, எம்ஆர்பி ஆகியவற்றை ஆன்லைன் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. "கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்" என்ற வரியைத் தேடுங்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சரி செய்துகொள்வோம். "மேட் இன் இந்தியா" என்று இருந்தால் அது போலி பார்க்கர் என்று சிலர் சொல்வார்கள். தவறு. 1990களிலிருந்து பல ஆண்டுகள் லக்சர் நிறுவனம் உரிமம் பெற்று இந்தியாவிலேயே பார்க்கர் பேனாக்களைத் தயாரித்து விற்றது. எந்த நாடு என்பதை விட, பக்கத்தில் சொன்ன நாடும் பேனாவில், பெட்டியில் அச்சிட்ட நாடும் ஒன்றாக இருக்கிறதா என்பதே கேள்வி.

பார்சல் வந்த பிறகு

பார்சலைப் பிரிக்கும் முன் செல்போனில் வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். மேலே ஒட்டிய முகவரி முதலில் தெரிய வேண்டும். பிறகு நிறுத்தாமல், பிரிப்பது முதல் பேனா வெளியே வருவது வரை எடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பில்லில் ஹெச்எஸ்என் என்று ஓர் எண் இருந்தால் பாருங்கள். பேனாக்களுக்கு அது 9608 என்று தொடங்கும். வேறு எண் இருந்தால் வேறு ஏதோ பொருளின் பெயரில் பில் போட்டிருக்கிறார்கள்.

முக்கியமான எச்சரிக்கை: எல்லாச் சோதனையும் முடியும் வரை இங்க் ஊற்றாதீர்கள். இங்க் பட்ட பேனாவைத் திரும்ப எடுக்க மறுப்பார்கள்.

இப்போது பேனாவைக் கையில் எடுங்கள். ஒரு லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் செல்போன் கேமராவில் படம் எடுத்து, கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பெனி வெப்சைட்டில் உள்ள படத்தைப் பக்கத்திலேயே இன்னொரு விண்டோவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகள்: கம்பெனி பெயர் கூர்மையாக, சீரான இடைவெளியில் இருக்க வேண்டும். ஓரம் மழுங்கியிருந்தால், நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தால் சந்தேகம்தான்.

கிளிப்: பார்க்கரின் அம்புக் கிளிப் 1933 முதல் வருகிறது. இறகு போன்ற கோடுகள் இரு பக்கமும் சமமாக இருக்கிறதா, கிளிப் ஆடுகிறதா என்று பாருங்கள்.

தேதிக் குறி: இது சுவாரஸ்யமானது. இங்கிலாந்து, பிரான்ஸில் தயாரான பார்க்கர் பேனாக்களில் மூடியின் அடி விளிம்புக்கு அருகே ஓர் ஆங்கில எழுத்தும் சில கோடுகளும் இருக்கும். "குவாலிட்டி பென்" என்ற ஆங்கிலச் சொற்களில் பத்து எழுத்துகள் உள்ளன அல்லவா? அவை வரிசையாக 0 முதல் 9 வரை ஆண்டின் கடைசி இலக்கத்தைக் குறிக்கும். கியூ என்றால் 0, யூ 1, ஏ 2, எல் 3, ஐ 4, டி 5, ஒய் 6, பி 7, இ 8, என் 9. மூன்று கோடுகள் என்றால் ஆண்டின் முதல் காலாண்டு, இரண்டு என்றால் இரண்டாவது, ஒன்று என்றால் மூன்றாவது, கோடே இல்லையென்றால் நான்காவது. ஏ எழுத்தும் இரண்டு கோடுகளும் இருந்தால் 2 என முடியும் ஓர் ஆண்டின் இரண்டாம் காலாண்டு. அது 2012ஆ 2022ஆ என்பதை மாடலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சமீபத்தில்தான் வந்த மாடலுக்கு அதற்கு முந்தைய தேதி பொருந்தினால் ஏதோ தவறு. ஆனால் நமது விதியை மறக்காதீர்கள். இந்தக் குறியையும் காப்பி அடிப்பார்கள். இந்தியத் தயாரிப்புகளில் இந்தக் குறியை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

நிப்: தங்க நிப்பில் 18 காரட் என்றால் 750 என்றும், 14 காரட் என்றால் 585 என்றும் பொறித்திருப்பார்கள். ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பதே இந்த எண். ஒரு சிறிய காந்தத்தை நிப் அருகே கொண்டு செல்லுங்கள். ஒட்டினால் அது தங்க நிப் அல்ல. ஒட்டாவிட்டால்? முடிவு சொல்ல முடியாது. எவர்சில்வரில் சில வகைகளும் காந்தத்தில் ஒட்டாது. என் 1,899 ரூபாய் பேனாவை இந்த முறை காந்தத்தில் வைத்துப் பார்த்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது!

மாண்ட்பிளாங்க் போன்ற விலை உயர்ந்த பேனாக்களிலும் இதே கதைதான். அதன் சில மாடல்களின் நிப்பில் உள்ள 4810 என்ற எண் மாண்ட்பிளாங்க் சிகரத்தின் உயரத்தை மீட்டரில் குறிக்கிறது. கிளிப் வளையத்தில் சீரியல் எண்ணும் இருக்கும். இரண்டையும் போலியில் பொறித்துவிட முடியும். எனவே அந்த எண்ணைக் கம்பெனியின் சேவை மையத்தில் காட்டிக் கேட்பதே நல்லது.

போலி என்று தெரிந்தால்?

பயப்பட வேண்டாம்; தாமதிக்கவும் வேண்டாம். திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் வெப்சைட்டிலேயே "ரிட்டர்ன்" கொடுத்து, படங்களை இணையுங்கள். போனில் மட்டும் பேசாமல் எழுத்தில் புகார் செய்யுங்கள்.

அங்கே தீராவிட்டால் வெப்சைட்டின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதற்கும் மேலே, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேலத்திலும் உண்டு, நாமக்கல்லிலும் உண்டு. விற்றவர் டெல்லியில் இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். ஆன்லைனில் தாக்கல் செய்ய மத்திய அரசின் இ-ஜாக்ரிதி வெப்சைட் இருக்கிறது.

பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாத போலி வெப்சைட் என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

"நாங்கள் வெறும் சந்தைதான், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று சொல்லிப் பெரிய வெப்சைட்டுகள் எப்போதும் தப்பிக்க முடியாது. தர விதிகளுக்கு உட்படாத பிரஷர் குக்கர்களை விற்க அனுமதித்ததற்காக, 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் பிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது.

நாங்கள் வாங்கிய பேனா

கடைசியில் அப்பாவும் நானும் எந்தப் பேனா வாங்கினோம்? ஜிஎஸ்டி நிலை ஆக்டிவ், முகவரி தெளிவு, திருப்பி அனுப்ப வழி உண்டு, தள்ளுபடி பத்து சதவீதம்தான். அந்த விலைக்குத் தங்க நிப் கிடைக்கவில்லை. எவர்சில்வர் நிப்தான் கிடைத்தது. "பரவால்லீங்களாப்பா?" என்று கேட்டேன். "எழுதற நிப்பு போதுஞ்சாமி. பொய்யில்லாம இருந்தாச் சரி" என்றார்.

பார்சல் வந்ததும் அவரே வீடியோ எடுக்கச் சொன்னார். லென்ஸ் வைத்து அவரே எழுத்துகளைப் பார்த்தார். பக்கத்தில் என் பழைய போலிப் பேனாவையும் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அதைத் தூக்கி எறியலாம் என்று நான் சொன்னதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. "இருக்கட்டும். கெட்ட சரக்குலயும் ஒரு சாம்பிள் கைல வெச்சிருக்கோணும். அப்பத்தான் நல்லது தெரியும்" என்று அதை மேஜை டிராயரில் வைத்துவிட்டார்.

நீங்கள் அடுத்த முறை ஆன்லைனில் பேனா வாங்கும்போது இந்த ஐந்து படிகளையும் செய்து பாருங்கள். பேனா மட்டுமல்ல, கைக்கடிகாரம், செல்போன் சார்ஜர், பிரின்டர் இங்க் என்று எதை வாங்கினாலும் இதே வரிசைதான்: முதலில் ஆள், பிறகு பொருள். யாராவது உங்களுக்கு வாங்கித் தந்த பொருள் சரியில்லையென்றால், அவர்கள் மனம் நோகுமே என்று மறைக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் சொன்னால்தான் பயன் உண்டு!